நெல் அவிக்கும் மில்லில் எந்த இடத்துக்கு எந்த வால்வு?

ஆடி மாதம் எங்கள் மில்லுக்கு ஓய்வு. கன்னி மாத (புரட்டாசி) அறுவடை நெல் வரத் தொடங்குவதற்குள் பாய்லரைத் திறந்து, டியூபுகளில் படிந்த கரியைச் சுரண்டி, வருடாந்திரப் பரிசோதனைக்குத் தயார் செய்துவிட வேண்டும். இந்த வருஷம் அதோடு இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. நெல் அவிக்கும் எட்டுத் தொட்டிகளுக்கும் போகிற 40 எம்எம் ஸ்டீம் வால்வுகளில் ஐந்து, மூடினாலும் கசிந்தன. மெயின் வால்வின் க்ளாண்டில் (வீலின் தண்டைச் சுற்றி ஆவி கசியாமல் பேக்கிங் திணித்து அடைக்கும் இடம்) இரண்டு வருஷமாகவே வெள்ளை நூல் போல ஆவி ஆடிக்கொண்டிருந்தது.

மில் இருப்பது பாலக்காட்டின் கிழக்கு ஓரம், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவில். இருப்பது கேரளத்தில்தான் என்றாலும் பட்டறையில் பேச்சு தமிழ்தான். ஒரு போல்ட் வேண்டுமென்றாலும் பாலக்காட்டைவிடக் கோயம்புத்தூருக்குப் போவதே வழக்கம். அங்கே கடையில் போய் ஸ்டீமுக்கு ஒன்றரை இஞ்சு வால்வு என்று கேட்டால் ஐந்து விதத்தை எடுத்து மேஜைமேல் வைப்பார்கள். ஐந்தும் ஸ்டீமுக்குத்தான் என்பார்கள். முதலாளி என்னிடம், “எது நல்லதுன்னு சொல்லுங்க, எட்டையும் அதாவே போட்டுக்கலாம்” என்றார். பொதுவாக எது நல்லது என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. எந்த இடத்தில், ஒரு நாளைக்கு எத்தனை தடவை திருப்ப, கெட்டால் யார் கழற்ற என்று கேட்டால் சொல்ல முடியும்.

கசிந்த ஐந்தில் நான்கு கேட் வால்வு. எனக்கு முன்னால் இருந்தவர்கள் போட்டது. ஒன்றைக் கழற்றி வைஸில் பிடித்து, பானெட்டை (மேல்மூடி) திறந்து, வெட்ஜை (குழாயை மறிக்கும் ஆப்புத் தகடு) வெளியே எடுத்தோம். அதன் கீழ் விளிம்பு எலி கொறித்த தேங்காய்ச் சில்லு மாதிரி இருந்தது. அது வந்து அமரும் சீட் வளையத்தில் அடிப்பக்கமாக, நகக்கண் அகலத்துக்கு ஒரு பள்ளம். மெல்லிய கம்பியை வைத்து அறுத்த மாதிரி வழவழவென்று. விரலை வைத்தால் நகம் உள்ளே இறங்கியது. இரும்பில் அப்படி வழவழப்பான பள்ளத்தைப் பார்த்தால் அது துரு இல்லை, ஆவி அறுத்தது என்று தெரிந்துகொள்ளலாம். இதற்கு எங்கள் தொழிலில் ‘ஒயர் டிராயிங்’ என்று பெயர்.

ஏன் அப்படி ஆனது என்பது கேட் வால்வின் அமைப்பிலேயே இருக்கிறது. மதகுப் பலகை மாதிரி ஒரு ஆப்பு வடிவத் தகடு மேலிருந்து கீழே இறங்கிக் குழாயை மறிக்கிறது. முழுக்கத் திறந்தால் பலகை வழியைவிட்டு முற்றிலும் விலகிவிடும். ஸ்டீம் நேராக, தடையே இல்லாமல் போகும். முழுக்க மூடினால் இரண்டு சீட்டுக்கு நடுவே ஆப்பு இறுகும். இந்த இரண்டு நிலைக்கு மட்டுமே செய்யப்பட்டது அது. பாதி திறந்து வைத்தால் பலகை அந்தரத்தில் தொங்கியபடி அதிரும். அடியில் இருக்கிற சின்னப் பிறை வடிவச் சந்து வழியாக ஆவி வேகமாகச் சீறி, அதே இடத்தையே அறுத்துக்கொண்டிருக்கும். தொட்டியில் நெல் அவிக்கும்போது யாரும் ஒரேயடியாகத் திறப்பதில்லை. முதலில் கொஞ்சம், நெல் சூடானதும் இன்னும் கொஞ்சம். ஒரு நாளைக்கு மூன்று அவியல் என்றால் மூன்று தடவையும் அந்த வால்வு பாதியில்தான் நிற்கும். கேட் வால்வு கெட்ட வால்வு இல்லை, அந்த இடம்தான் அதற்கு ஆகாது.

இன்னொரு சங்கடமும் உண்டு. சூடாக இருக்கும்போது கேட் வால்வை இறுக்கி மூடிவிட்டு, ராத்திரி லைன் ஆறிவிட்டால், பாடி சுருங்கி ஆப்பைக் கவ்விக்கொள்ளும். காலையில் ஹேண்டில் வீலில் பைப்பைச் செருகி இரண்டு பேர் தொங்கினாலும் அசையாது. பலம் போட்டால் ஸ்பிண்டில் (வீலின் தண்டு) முறுக்கிக்கொள்ளும்.

குளோப் வால்வில் ஸ்டீம் நேராகப் போவதில்லை. பாடிக்குள் குறுக்கே ஒரு சுவர், அதில் வட்டமான ஓட்டை, அந்த ஓட்டையின்மேல் தட்டு ஒன்று மேலிருந்து வந்து அமர்கிறது. ஸ்டீம் அடியில் நுழைந்து, ஓட்டை வழியாக மேலேறி, திரும்பி வெளியேறும். இப்படி வளைந்து போவதால் பிரஷர் கொஞ்சம் குறையும். ஆனால் தட்டு எவ்வளவு உயர்கிறதோ அதற்கேற்ப ஸ்டீம் போகும், கைக்கு அடங்கும். சீட்டும் (ஓட்டையின் விளிம்பு) தட்டும் தேய்ந்தால் கிரைண்டிங் பேஸ்ட் போட்டு நம் பட்டறையிலேயே உரசிச் சரிசெய்யலாம். அளந்து திறக்க வேண்டிய இடத்துக்கு இதுதான் முதல் தேர்வு. இதையும் ஒரேயடியாக நூல் அளவு திறந்து நாள் முழுக்க விட்டுவைத்தால் சீட் அறுபடும். அப்படி நூல் அளவில்தான் எப்போதும் ஓடுகிறது என்றால் அந்த இடத்துக்கு வால்வு பெரிதாகிவிட்டது என்று அர்த்தம். ஒரு சைஸ் குறைத்துப் போட வேண்டும்.

பாடியில் அம்புக்குறி வார்த்திருப்பார்கள். அதைப் பார்க்காமல் மாட்டுகிறவர்கள் நிறையப் பேர். எங்கள் ஆறாம் தொட்டியில் குளோப் வால்வு இருந்தும் க்ளாண்டு ஒழுகிக்கொண்டே இருந்தது. எத்தனை தடவை பேக்கிங் மாற்றினாலும் பதினைந்து நாள்தான். கடைசியில் பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தால் அம்பு திரும்பி நிற்கிறது. சரியாக மாட்டியிருந்தால், மூடிய நேரத்தில் ஸ்டீமின் அழுத்தம் தட்டுக்கு அடியிலேயே நின்றுவிடும், க்ளாண்டுக்கு ஓய்வு. தலைகீழாக மாட்டியதால் மூடினாலும் திறந்தாலும் க்ளாண்டின்மேல் 7 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) அழுத்தம் இருந்துகொண்டே இருந்தது. வால்வைத் திருப்பிப் போட்டதோடு அந்த ஒழுகல் நின்றுவிட்டது. அப்படியே இன்னொன்றும் கவனித்தேன்: படுக்கை லைனில் குளோப் வால்வின் ஸ்பிண்டில் மேல்நோக்கி நின்றால், உள்சுவருக்கு முன்னால் தண்ணீர் தேங்கும். ஸ்பிண்டிலைப் பக்கவாட்டில் படுக்க வைத்து மாட்டினால் தண்ணீர் அடியிலேயே வழிந்து போய்விடும்.

பால் வால்வு பார்க்க அழகு. கால் திருப்பில் திறப்பு, கால் திருப்பில் மூடல். கைப்பிடி குழாயோடு நேராக நின்றால் திறந்திருக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரியும். கடையில் எல்லாரும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பது இதைத்தான். காற்று லைனுக்கும் தண்ணீருக்கும் நான் தயங்காமல் போடுவேன். தொட்டிக்குப் போகும் ஸ்டீமுக்கு மட்டும் வேண்டாம் என்று சொன்னேன், இரண்டு காரணத்துக்காக. உருண்டையைப் பிடித்திருக்கும் சீட் டெஃப்லான். 7 கிலோ பிரஷரில் ஸ்டீமின் சூடு ஏறக்குறைய 170 டிகிரி, 10 கிலோவில் 184. சாதாரண டெஃப்லான் சீட்டுக்கு அது தாங்கும் எல்லையின் விளிம்பு. அதுவும் பாதி திறந்து வைத்தால், இளகிய சீட்டை ஆவி வழித்தெடுத்துவிடும்.

இரண்டாவது காரணம் உயிர் சம்பந்தப்பட்டது. ஆறிக் கிடக்கும் லைனில் தண்ணீர் தங்கியிருக்கும். பால் வால்வைச் சட்டென்று திறந்தால் ஸ்டீம் அந்தத் தண்ணீரைக் கட்டியாகத் தள்ளிக்கொண்டு ஓடும். ஸ்டீம் லைனில் சாதாரண வேகமே விநாடிக்கு 25, 30 மீட்டர். அந்த வேகத்தில் ஒரு வாளித் தண்ணீர் வளைவில் போய் மோதினால் சம்மட்டி அடிதான். வார்ப்பிரும்பு வால்வு என்றால் பிளந்துவிடும். குளோப் வால்வை ஒன்பது பத்துச் சுற்று சுற்ற வேண்டியிருக்கிறதே என்று சலித்துக்கொள்ளும் பையன்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: அந்தப் பத்துச் சுற்றுக்குள் லைன் சூடாகித் தண்ணீர் வடிய நேரம் கிடைக்கிறது.

அடுத்தது பிஸ்டன் வால்வு. எங்கள் பக்கத்து மில்களில் பலருக்கு இது இன்னும் பழக்கமில்லை, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இதில் தட்டும் இல்லை, சீட்டும் இல்லை. பளபளப்பாகக் கடைந்த உருளை ஒன்று, கிராஃபைட்டும் எவர்சில்வர் தகடும் சேர்த்து அடுக்கிய இரண்டு ரிங்குகளுக்குள் ஏறி இறங்குகிறது. கீழ் ரிங் ஸ்டீமை மறிக்கும், மேல் ரிங் க்ளாண்டின் வேலையைப் பார்க்கும். இரண்டுக்கும் நடுவில் சாளரம் சாளரமாக வெட்டிய லாந்தர் புஷ். மூடும்போது பிஸ்டன் கீழ் ரிங்குக்குள் நுழைந்து, பக்கவாட்டில்தான் அடைக்கிறது. தட்டு அழுந்தி அடைப்பதில்லை. அதனால் சீட்டில் துகள் மாட்டிக்கொண்டு மூடாமல் போகும் தொல்லை குறைவு. குழாயின் உள்துருவும் செதிலும் வந்துகொண்டே இருக்கும் பழைய லைனுக்கு இது பெரிய வரம்.

எனக்குப் பிடித்தது இதன் பராமரிப்பு. லேசாகக் கசிய ஆரம்பித்தால் பானெட் நட்டுகளைக் குறுக்குக் குறுக்காகக் கால் சுற்று இறுக்கினால் ரிங்குகள் அமுங்கிப் பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும். ஒரே நிபந்தனை, இறுக்கும்போது வால்வு மூடியிருக்க வேண்டும். திறந்த நிலையில் இறுக்கினால் உள்ளே தாங்க பிஸ்டன் இல்லாமல் கீழ் ரிங் உள்பக்கமாகப் பிதுங்கிவிடும். அப்புறம் பிஸ்டன் இறங்காது. ரிங்குகளே தேய்ந்துபோனால் பாடியை லைனிலிருந்து கழற்ற வேண்டியதில்லை. பிரஷரை இறக்கி, லைன் ஆறியபின் பானெட்டைத் திறந்து, எக்ஸ்ட்ராக்டரை விட்டு ரிங்கை இழுத்துவிட்டு, புதிய செட்டைத் தள்ளினால் முடிந்தது. லேத் வேண்டாம், உரசல் வேண்டாம், ஃபிளேஞ்சு கேஸ்கெட் மாற்ற வேண்டாம். அரை மணி நேர வேலை. குறை என்றால் விலை. அப்புறம், மணிக்கணக்கில் பாதி திறந்தே வைத்தால் கீழ் ரிங் ஆவியின் பாதையில் நின்று அரிக்கும்.

பெல்லோஸ் சீல் வால்வும் பார்த்தோம். குளோப் வால்வுதான், ஸ்பிண்டிலைச் சுற்றி, அக்கார்டியன் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு உலோகக் குழல். ஆவி க்ளாண்டு வரைக்கும் வரவே வழியில்லை. க்ளாண்டு கசிவே கூடாது என்கிற இடத்துக்கு, எட்டாத உயரத்தில் இருக்கிற வால்வுக்கு, இதைவிட நல்லது கிடையாது. ஆனால் துருத்தி கிழிந்தால் நம் பட்டறையில் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு நாளைக்குப் பல தடவை, அவசரக் கைகள் திருப்பும் இடத்தில் அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பட்டர்ஃப்ளை வால்வு ரப்பர் லைனர் உள்ளது; ஊறல் தொட்டிக்குப் போகும் பெரிய தண்ணீர் லைனுக்குச் சரி, ஸ்டீம் பக்கம் கொண்டு வரவே கூடாது.

கசிவைப் பற்றி முதலாளியிடம் பேசும்போது நான் உமிக் கணக்கில்தான் பேசுவேன். 7 கிலோ பிரஷரில் 3 எம்எம் துளை ஒன்று இருந்தால் மணிக்கு 20 கிலோவுக்குக் குறையாமல் ஸ்டீம் போகும். எங்கள் பாய்லரில் ஒரு கிலோ உமி எரித்தால் சுமார் 3 கிலோ ஸ்டீம். அப்படியென்றால் மணிக்கு ஏறக்குறைய 7 கிலோ உமி, 20 மணி நேரம் ஓடினால் நாளுக்கு 140 கிலோ. ஐந்து வால்வு கசிந்துகொண்டிருந்தன. இந்தக் கணக்கைச் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் எழுதிக் காட்டியபோது விலையைப் பற்றிய பேச்சு பாதி அடங்கிவிட்டது.

உமி போனால் வாங்கிக்கொள்ளலாம். தொட்டியைக் கழுவ ஆள் உள்ளே இறங்குகிறாரே, அந்த நேரத்தில் கசிகிற வால்வை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வராது. போன வருஷம் நாலாம் தொட்டிக்குள் ஒரு அம்மா அடியில் ஒட்டிய நெல்லைக் கூட்டிக்கொண்டிருக்கும்போது, ‘காலுக்குக் கீழே கொதிக்குது’ என்று சத்தம் போட்டார். வால்வு மூடித்தான் இருந்தது. உடனே ஏறிவிட்டதால் பாதத்தோடு போயிற்று. அன்றிலிருந்து ஒரு வால்வை நம்பி யாரையும் உள்ளே இறக்குவதில்லை. தொட்டி வால்வையும் மூடி, அந்தக் கிளையின் தலையில் இருக்கும் வால்வையும் மூடி, இரண்டுக்கும் நடுவே உள்ள டிரெயினைத் திறந்துவிட்டு, இரண்டு வீலையும் சங்கிலியால் சேர்த்துப் பூட்டி, சாவி இறங்குகிறவர் இடுப்பில். முதல் வால்வு கசிந்தாலும் ஆவி டிரெயின் வழியாக வெளியேறும், தொட்டிக்குள் வராது. எவ்வளவு விலை கொடுத்துப் புது வால்வு வாங்கினாலும் இந்த ஏற்பாட்டை எடுக்கப்போவதில்லை.

சரி, முடிவுக்கு வருகிறேன். தலை வால்வுகள், அதாவது மெயினிலிருந்து தொட்டிக் கிளை பிரியும் இடத்தில் இருப்பவை, தினமும் முழுக்கத் திறந்து முழுக்க மூடுகிறவை. அங்கே பிஸ்டன் வால்வு. தொட்டி வாயில் அளந்து திறக்க வேண்டியிருப்பதால் குளோப் வால்வு. முதலாளி கேட்டபடி எட்டுக்கும் ஒரே வால்வு என்றால், ஸ்டோரில் ஒரே விதமான உதிரி வைத்தால் போதும் என்ற லாபம் உண்டு. நானும் முதலில் அப்படித்தான் எட்டுக்கும் பிஸ்டன் வால்வு என்று நினைத்தேன். ஆனால் தொட்டி வாயில் கீழ் ரிங் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போய்க்கொண்டிருந்தால் அந்த லாபம் எங்கே நிற்கும்? பாய்லர் தலையில் இருக்கிற மெயின் வால்வு ஏணி வைத்து ஏற வேண்டிய உயரத்தில், அவ்வளவு சூட்டில் இருக்கிறது. அதற்கு மட்டும் பெல்லோஸ் சீல். பழைய கேட் வால்வுகளில் சீட் கெடாத ஒன்று ஊறல் தண்ணீர் லைனுக்குப் போயிற்று; அங்கே அது முழுக்கத் திறந்தோ மூடியோதான் இருக்கும்.

வாங்கும்போது இன்னொரு விஷயம். பாய்லரிலும் ஸ்டீம் லைனிலும் போடுகிற வால்வு ஐபிஆர் (இந்தியப் பாய்லர் விதிகள்) சான்றிதழோடு வர வேண்டும். 3.5 கிலோ பிரஷருக்கு மேல் போகும் ஸ்டீம் பைப் எல்லாமே அந்த விதிக்குள் வரும். 1923-ஆம் வருஷத்துச் சட்டம் போய் 2025-இல் புதிய பாய்லர் சட்டம் வந்தும், பரிசோதனைக்கு வருகிற அதிகாரி முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். வால்வுக்கு அது மூன்று-சி படிவம். தாளில் இருக்கும் எண்ணும் பாடியில் குத்தியிருக்கும் எண்ணும் ஒன்றா என்று கடையிலேயே ஒத்துப் பாருங்கள். நாங்கள் வாங்கப் போன முதல் கடையில் தாள் இருந்தது, எண் வேறாக இருந்தது. திரும்பி வந்துவிட்டோம். மெட்டீரியல் டபிள்யூசிபி, அதாவது வார்ப்பு எஃகு; வார்ப்பிரும்பு விலை குறைவு என்றாலும் மேலே சொன்ன சம்மட்டி அடியைத் தாங்காது.

புது வால்வு போட்டால் பராமரிப்பு இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. குளோப் வால்வின் க்ளாண்டு பேக்கிங்கை இன்னும் பலர் கயிறு சுற்றுகிற மாதிரி ஒரே துண்டாகச் சுற்றி அடைக்கிறார்கள். அது நிற்காது. ஸ்பிண்டில் கனத்துக்குச் சமமான ஒரு கம்பியில் கிராஃபைட் பேக்கிங்கைச் சுற்றி, சாய்வாக வெட்டி, தனித்தனி வளையமாக எடுக்க வேண்டும். ஒவ்வொரு வளையமாக உள்ளே வைத்து அமுக்கி, ஒன்றின் வெட்டு வாய்மேல் அடுத்ததின் வெட்டு வாய் வராமல் திருப்பி வைக்க வேண்டும். பழைய பேக்கிங்கின் அடித்துண்டு ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது. பிறகு க்ளாண்டு நட் இரண்டையும் மாற்றி மாற்றி, கையால் ஸ்பிண்டில் சுழல்கிற அளவுக்கே இறுக்குங்கள். ஸ்டீம் ஏறியபின் மறுபடி ஒரு சின்ன இறுக்கு. முதல் நாளே முழு பலம் போட்டால் பேக்கிங் கருகிக் கல்லாகிவிடும்.

வீல் சுற்றித் திறக்கிற எந்த வால்வையும் முழுக்கத் திறந்தபின் அரைச் சுற்று திரும்ப மூடி வையுங்கள். மேல் முனையில் இறுகிப்போய் மாட்டிக்கொள்ளாது. அடுத்து வருகிறவரும் அது திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று தெரியாமல் பலம் போட்டு உடைக்க மாட்டார். மாதக்கணக்கில் தொடாத வால்வை மாதம் ஒரு தடவையாவது ஏற்றி இறக்கி, ஸ்பிண்டில் மரையைத் துடைத்து கிரீஸ் தடவுங்கள்.

பாய்லர் புளோ டவுனில் (அடியில் சேரும் கசட்டு நீரை வெளியேற்றும் வழி) இரண்டு வால்வு வரிசையாக இருந்தால், பாய்லருக்குப் பக்கத்தில் இருப்பதை முதலில் திறந்து, வெளியே இருப்பதைப் பின்னால் மெதுவாகத் திறக்க வேண்டும். மூடும்போது வெளியே இருப்பது முதலில். அறுபடுவதெல்லாம் வெளி வால்வாகவே இருக்கும், அதை மாற்றப் பாய்லரை நிறுத்த வேண்டியதில்லை. பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் சேட்டன் (மலையாளத்தில் அண்ணன்) இருபது வருஷமாக இந்த வரிசையைத் தவறவிட்டதில்லை. அவருடைய உள் வால்வு இன்னும் முதல் சீட்டில் ஓடுகிறது.

கசிகிறதா என்று பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். வால்வை மூடி, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியைப் பாடியில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் வைத்தால், நல்ல வால்வு அமைதியாக இருக்கும்; கசிகிற வால்வு தூரத்தில் மழை பெய்கிற மாதிரி இரையும். ஞாயிற்றுக்கிழமை தோறும் எட்டையும் ஒரு சுற்றுக் கேட்டுவிட்டு, வால்வில் தொங்கும் தகரத் துண்டில் தேதியைப் பெயிண்டால் எழுதுகிறோம். பிஸ்டன் வால்வுக்கு இரண்டு செட் ரிங், ஒரு எக்ஸ்ட்ராக்டர், குளோப் வால்வுக்கு வெட்டி வைத்த பேக்கிங் வளையங்கள், எல்லாம் பாய்லர் ரூம் அலமாரியில் ஒரு பிஸ்கட் டின்னில். ஸ்டோரில் வைத்துப் பூட்டினால் ராத்திரி இரண்டு மணிக்குச் சாவி கிடைக்காது என்பதால், அலமாரிச் சாவி சேட்டனின் விசில் கட்டிய கயிற்றிலேயே கோத்திருக்கிறது.